நூற்று நாலு படி

தாகேதா, யாங்கோன்
14 செப்டம்பர் 2025

சாந்தா அப்பாவுக்கு, ஜெயம்மா எழுதுவது.

இனிமேல் போன் வேண்டாம், கடிதம்தான். நீங்கள் பிரான்சுக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது. நான்கு தடவை பேசினோம். நான்கு தடவையும் "மாத்திரை சாப்புட்டீங்களா?" என்று நான் கேட்டதும் லைன் கட்டாகிவிட்டது. தோட்டத்தைப் பற்றி நீங்கள் பேசும்போது மட்டும் பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல அவ்வளவு தெளிவாகக் கேட்கிறது. எழுத்து கட்டாகாது. நான் தாளில் எழுதுகிறேன், சாந்தா போனில் படம் பிடித்து அனுப்புவாள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

உங்களைப் போகச் சொன்னதே நான்தான், அதை மறுக்கவில்லை. முப்பது வருஷம் பிரெஞ்சுக்காரர்களுக்குப் ஒவ்வொரு புத்தர் கோவிலாகச் சுற்றிக் காட்டிய மனிதர், சுற்றுலாக்காரர்கள் வராமல் போன இந்த ஐந்து வருஷமாக ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தெருவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதைப் பார்க்க எனக்கும் சகிக்கவில்லை. மூன்று தடவை உங்களோடு ஊர் சுற்றிய கிளேர் அம்மாவும் அவர் புருஷனும் "இப்போ எங்க ஊரை நாங்க காட்டுறோம்" என்று டிக்கெட்டே அனுப்பினால், யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஒரு மாதம் என்று பேச்சு. ஒரு மாதம்தான்.

இப்போது மூன்று கேள்வி. சர்க்கரை மாத்திரை வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? நான் வாங்கிக் கொடுத்த ஷூ காலில் இருக்கிறதா? அக்டோபர் 6 டிக்கெட்டை உறுதி செய்தீர்களா?

சாந்தா கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. நவம்பர் 23, ஞாயிறு, நம் மாரியம்மன் கோவிலில். 27-ஆம் தேதி மாப்பிள்ளை உதயசூரியன் அவளைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போகிறார். அப்புறம் அவள் இந்த ஊருக்கு எப்போது வருவாளோ, வர விடுவார்களோ, யாருக்குத் தெரியும். அந்த நாலு நாள்தான் நமக்கு.

இங்கே கரண்ட் எப்போது வரும் என்று தெரியாமல் தோசைக்கடைக்கு மாவு ஆட்ட முடியவில்லை. மீட்டர் பார்க்க வந்த ஆள் ஷூவோடு வீட்டுக்குள் வந்தான். நான் போட்ட சத்தத்தில் மீட்டரைப் பார்க்காமலே போய்விட்டான்.

மூன்றுக்கும் பதில் வேண்டும்.
ஜெயம்மா


17 செப்டம்பர் 2025

ஜெயம்மாவுக்கு, சபாபதி எழுதுவது.

கடிதம் கிடைத்தது. படித்து முடித்தபோது போனே தேவலை என்று தோன்றியது. 

இந்த ஊர்ப் பெயர் உனக்கு வேண்டாம், நான் சொன்னால் இருமுகிறேன் என்று சுக்குத் தண்ணீர் வைக்கப் போவாய். ஒரு ஆறு, அதன்மேல் வெள்ளைப் பாறை, பாறையோடு ஒட்டிய கல்வீடுகள், சுற்றிலும் வால்நட் மரங்கள். விவசாய ஊர், நம் மாவ்பி மாதிரிதான். ஞாயிற்றுக்கிழமை சந்தை கூடுகிறது. மாவ்பிச் சந்தையில் தக்காளியை அழுத்திப் பார்த்தால் திட்டுவார்கள், இங்கே பார்த்துச் சிரிக்கிறார்கள்.

முதலில் தோட்டம். ஒரு மாளிகைக்குப் பின்னால் மூன்று தட்டாக இறங்குகிறது, இருபத்தெட்டு படி. பூ குறைவு. புதர்களை எல்லாம் உருண்டையாகவும் கோபுரமாகவும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரே ஆள் நாற்பது வருஷமாக வெட்டுகிறாராம். அவரிடம் போய்க் கை கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்தது தேவாலயம். பாறையைக் குடைந்து கட்டியது, எண்ணூறு வருஷம். கீழிருந்து அறுபத்திரண்டு படி. முப்பதாவது படியில் உட்காரக் கல் இருக்கிறது, வயதானவர்களை அங்கே ஒரு தடவை நிறுத்தலாம். உள்ளே பத்துப் பேர் நின்றால் நிறைந்துவிடும். சுவரில் பாதி அழிந்த ஒரு தேவதை, முகம் போய்விட்டது, கை மட்டும் இருக்கிறது.

அங்கே ஒரு கூத்து. வாசலில் ஷூவையும் சாக்ஸையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் காணோம்! யாரோ மறந்து விட்டுப் போனது என்று, தேவாலயத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் எடுத்துப் பத்திரமாக அலமாரியில் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். இங்கே மதியச் சாப்பாடு ஒன்றரை மணி நேரம். கிளேர் அம்மா புருஷன் பெர்னாரும் தன் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "பிந்தாயா புத்தர் குகையில் என் சாக்ஸைக்கூட நீ விடவில்லையே, சபா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நவம்பர் 23 நல்ல நாள். சாந்தாவுக்கு என் ஆசி.
சபாபதி


தாகேதா
19 செப்டம்பர் 2025

சாந்தா அப்பாவுக்கு,

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதரை உருண்டையாக வெட்டியதற்கு ஆறு வரி. மகள் கல்யாணத்துக்கு ஒரு வரி. நான் கேட்ட மூன்று கேள்வியில் ஒன்றுக்குப் பதில் நீங்கள் சொல்லாமலே தெரிந்துவிட்டது. ஷூ காலில் இல்லை, அலமாரியில்!

போன வருஷம் த்வாண்டேக்குச் சட்டி பானை வாங்கப் போனோமே, நினைவிருக்கிறதா? ஓட்டுச் சில்லு உங்கள் பாதத்தில் ஏறி, வண்டியில் பாதி வழி வந்தபிறகு நான் ரத்தத்தைப் பார்த்துக் கத்தினேன். "எங்க? எங்க?" என்று என் காலைப் பார்த்தீர்கள். உங்கள் காலுக்கு வலி தெரிவதில்லை. பன்னிரண்டு வருஷச் சர்க்கரை. "இனி கோவிலா இருந்தாலும் வெறுங்கால் கூடாது, அடுத்த தடவை விரல் போயிடும்" என்று டாக்டர் உங்களிடம்தானே சொன்னார்? விமான நிலையத்தில் சாந்தா தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தது யார்? ஒன்பது நாள்கூடத் தாங்கவில்லை அந்தச் சத்தியம்.

வீட்டுக்குள் செருப்போடு யார் வந்தாலும் நான் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நானே சொல்கிறேன், அந்த ஊர்ச் சாமி ஷூவோடு வரச் சொல்கிறது, ஷூவோடு போங்கள். சாமிக்கே இல்லாத ஆசாரம் உங்களுக்கு எதற்கு?

மாத்திரை? டிக்கெட்?
ஜெயம்மா


24 செப்டம்பர் 2025

ஜெயம்மாவுக்கு,

மாத்திரை சாப்பிடுகிறேன். டிக்கெட் உறுதி. ஷூ காலில் இருக்கிறது, இதை எழுதும்போதுகூட. போதுமா?

தப்புதான். ஆனால் முப்பது வருஷம் ஒவ்வொரு வாசலிலும் நின்று "ஷூவைக் கழற்றுங்கள், சாக்ஸையும்" என்று சொன்ன வாய் இது. வாசலைக் கண்டால் உடம்பு தானாகக் குனிகிறது.

நேற்று இன்னொரு தேவாலயம், வயலுக்கு நடுவில், ஐந்தே படி. சுற்றிக் காட்டியவள் சின்னப் பெண், சாந்தா வயதுதான் இருக்கும். நன்றாகத்தான் பேசினாள். ஆனால் ஒரு கிழவர் மூச்சு வாங்குகிறார், அதைப் பார்க்காமல் வருஷக் கணக்கை அடுக்கிக்கொண்டே போகிறாள். நான் மெல்ல அவரை ஒரு தூண் ஓரமாக உட்கார வைத்து, அவள் சொன்னதையே அவர் காதில் நிதானமாகத் திருப்பிச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் என்னைச் சுற்றி எட்டுப் பேர். அவளைச் சுற்றி நாலு பேர். கிளேர் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

ஜெயம்மா, ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஒரு கூட்டம் என் முகத்தைப் பார்த்து நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. உன்னிடம் சொல்வதில் வெட்கம் இல்லை.

நாளை மறுநாள் பெரிய குகை. பல்லாயிரம் வருஷத்துக்கு முந்தைய மனிதர்கள் சுவரில் குதிரை வரைந்திருக்கிறார்களாம். உள்ளே இறங்க நூற்றுப் பன்னிரண்டு படி என்று விசாரித்து வைத்திருக்கிறேன். வந்ததும் எழுதுகிறேன்.
சபாபதி


தாகேதா
1 அக்டோபர் 2025

குகைக்குப் போனவர் வெளியே வந்தாரா, உள்ளேயே குடியேறிவிட்டாரா? ஆறு நாளாக ஒரு வரி இல்லை. சாந்தா அனுப்பியதைப் பார்த்தீர்கள் என்று போன் காட்டுகிறதாம். பார்க்கத் தெரிகிறது, எழுத மட்டும் கை இல்லையா?

திங்கட்கிழமை விமானம். மோகனை வண்டி எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். உங்கள் தம்பியிடம் நேரத்தை நீங்களே சொல்லுங்கள், நான் சொன்னால் மறந்துவிடுவார்.
ஜெயம்மா


4 அக்டோபர் 2025

ஜெயம்மாவுக்கு,

பொறுமையாகப் படி.

டிக்கெட்டைத் தள்ளிப் போட்டிருக்கிறேன். கிளேர் அம்மா விடவில்லை. இது திராட்சை அறுக்கும் காலம், இதைப் பார்க்காமல் போனால் பிரான்சைப் பார்த்ததாகவே ஆகாதாம். இன்னும் பார்க்காத தேவாலயங்கள் வேறு இருக்கின்றன. விசா டிசம்பர் வரை இருக்கிறது, அதைப் பற்றிக் கவலை இல்லை. கல்யாணத்துக்கு இன்னும் ஏழு வாரம். அதற்குள் வந்துவிடுவேன்.

குகை பெரிய குகை. சுவரில் புள்ளி போட்ட குதிரைகள் இருக்கின்றன. கையைச் சுவரில் வைத்துச் சாயம் ஊதி எடுத்த அச்சு இருக்கிறது. ரொம்பப் பழையது. எல்லோரும் பார்க்க வேண்டியது.

இங்கே ஒரு மூலிகைத் தோட்டம். புதினா மாதிரி ஒன்று, ஊதாப் பூ ஒன்று. காலையில் பனி விழுந்து, வெயில் ஏறியதும் ஆவி கிளம்புகிறது. பார்த்துக்கொண்டே இருக்கலாம். பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

மோகனிடம் வண்டி வேண்டாம் என்று சொல்லிவிடு.
சபாபதி


தாகேதா
7 அக்டோபர் 2025

சாந்தா அப்பாவுக்கு,

பொறுமையாகப் படிக்கச் சொன்னீர்கள், மூன்று தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் கோபம் கூடத்தான் செய்தது.

திராட்சை! திராட்சை அறுப்பதைப் பார்க்க நிற்கிறாராம். திராட்சை அறுக்க நான்கு பேர் அங்கே இருப்பார்கள். இங்கே பத்திரிகை அடிக்க, பந்தல்காரரிடம் பேச, சமையலுக்கு ஆள் பார்க்க, மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் "சம்பந்தி எப்போ வர்றாரு?" என்று கேட்டால் பல்லைக் காட்ட, எல்லாவற்றுக்கும் நான் ஒருத்தி. காலையில் நாற்பது தோசை ஊற்றிவிட்டுத்தான் இத்தனையும்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? நேற்று பஜாரில் அய்யாசாமி அண்ணன் மனைவி கேட்கிறாள்: "சபாபதி அண்ணே அங்கேயே தங்கிட்டாராமே? அந்த வெள்ளைக்காரங்க வீட்ல நிரந்தரமா வேலை போட்டுக் குடுத்துட்டாங்களாமே?" எனக்குத் தெரியாத சேதி அவளுக்கு எப்படித் தெரியும்? "ஆமா, புதர் வெட்டுற வேலை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஒளிக்காமல் கேட்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த ஊரை விட்டுப் போனவர்கள் யார் திரும்பியிருக்கிறார்கள்? நம் தெருவில் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது. உங்களைச் சுற்றி எட்டுப் பேர் நின்றார்கள் என்று எழுதினீர்களே, அன்றைக்கே எனக்கு இந்தப் பயம் பிடித்துக்கொண்டது. இங்கே உங்களைச் சுற்றி நிற்க நானும் சாந்தாவும்தான். அவளும் போகப் போகிறாள். வருகிற எண்ணம் இல்லையென்றால் அதைச் சொல்லிவிடுங்கள், மூலிகைத் தோட்டத்தை எழுதாதீர்கள்.
ஜெயம்மா


14 அக்டோபர் 2025

ஜெயம்மா,

அப்படியெல்லாம் எழுதாதே. நான் எங்கே தங்கப் போகிறேன்? இவர்கள் சோற்றில் உப்புமில்லை, காரமுமில்லை.

இங்கே எதிரே குன்றின்மேல் ஒரு தேவாலயம். காலை எட்டு மணிக்கு வெயில் அதன் மணிக்கூண்டில் படும். பத்து மணிக்குக் கதவில் இறங்கும். மதியத்தில் நிழல் இடது பக்கம் போய்விடும். நாலு மணிக்கு ஒரு நாய் அதைச் சுற்றி வரும், தினமும். ஐந்து மணிக்கு மணி. அழகான இடம்.

சாந்தாவுக்குப் புடவை எடுத்தாயா? அரக்கு நிறம் எடு. அவளுக்குப் பொருந்தும்.

சீக்கிரம் வருகிறேன்.
சபாபதி


தாகேதா
16 அக்டோபர் 2025

சாந்தா அப்பாவுக்கு,

இன்று தோசைக்கடை போடவில்லை. உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் சாந்தாவைத் தாளில் எடுத்துவரச் சொல்லி, பாயில் வரிசையாகப் பரப்பி உட்கார்ந்தேன்.

கல்யாணமான மறுவாரம் என்னை ஷ்வேடகோன் கோவிலுக்கு அழைத்துப் போனீர்கள். தெற்கு வாசலில் நிறுத்தி முதலில் சொன்னது என்ன? "நூற்று நாலு படி, ஜெயம்மா. அவசரமில்லை." புதுப்பெண்டாட்டியிடம் பேசுகிற பேச்சா இது என்று நினைத்தேன். உங்களை நம்பாமல் ஏறும்போது எண்ணினேன், நூற்று நாலுதான். போப்பா மலைக்கு எழுநூற்று எழுபத்தேழு. என் அக்கா வீடு இருபத்தொன்று. சாந்தா பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்து, பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் "பதினாறு படி, எப்படி ஏறுனே?" என்று கேட்ட மனிதர் நீங்கள். வயதான பிரெஞ்சுக்காரர்கள் முட்டிவலியோடு வருவார்கள், ஏறுவதற்கு முன்னால் கணக்குச் சொன்னால்தான் தைரியம் வரும், அது கைடு வேலைப் பழக்கம் என்பீர்கள்.

இப்போது கடிதங்களைப் பார்க்கிறேன். தோட்டம், இருபத்தெட்டு. பாறைத் தேவாலயம், அறுபத்திரண்டு. வயல் தேவாலயம், ஐந்து. குகை, போவதற்கு முன்னாலேயே நூற்றுப் பன்னிரண்டு. அதற்கு அப்புறம் ஒரு படிகூட இல்லை. குகையைப் பற்றி எழுதியது டிக்கெட்டின் பின்பக்கம் அச்சடித்தது மாதிரி இருக்கிறது. மூலிகைத் தோட்டத்துக்குப் படி இல்லை. குன்றின்மேல் இருக்கிற தேவாலயத்துக்குப் படி இல்லையா? குன்றுக்கு?

எட்டு மணி வெயில், பத்து மணி வெயில், நாலு மணி நாய். ஒரே இடத்தில் நாள் முழுக்கப் படுத்திருக்கிறவன்தான் இதையெல்லாம் பார்ப்பான்.

உங்கள் காலுக்கு என்ன ஆயிற்று?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையெல்லாம் சாந்தாவிடம் வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் உண்மையை எழுதுங்கள்.
ஜெயம்மா


18 அக்டோபர் 2025

ஜெயம்மா,

சாந்தாவிடம் மட்டும் சொல்லாதே. கல்யாணப் பெண், மனசு கஷ்டப்படக் கூடாது.

வலது காலில் இரண்டு விரல் போய்விட்டது. சுண்டு விரலும் அதற்கு அடுத்ததும். எடுத்து இரண்டரை வாரம் ஆகிறது. நீ "குகையிலேயே குடியேறிவிட்டாரா" என்று கேட்ட அன்றைக்கு நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். ஷூவோடுதான் இறங்கினேன், சத்தியமாக. நூற்றுப் பன்னிரண்டு படியும் ஷூவோடு. குதிரைகளைப் பார்த்தேன், கை அச்சைப் பார்த்தேன். கடைசியில் ஒரு இடத்தில் விளக்கைத் தரையில் பாய்ச்சிக் காட்டினார்கள். களிமண் இறுகிக் கல்லாகிவிட்டது, அதில் ஒரு காலடி. வெறும் பாதம். ஐந்து விரலும் தெரிகிறது. பத்தாயிரம் வருஷத்துக்கும் மேலே ஆகிறதாம். யாரோ வந்திருக்கிறார்கள், நின்றிருக்கிறார்கள், போயிருக்கிறார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அந்தக் காலுக்கு முன்னால் ஷூ போட்டுக்கொண்டு நிற்பது எனக்குப் பெரிய அவமரியாதையாகத் தோன்றியது. கூட்டம் முன்னால் நகர்ந்ததும், பின்னால் நின்று இருட்டில் ஷூவையும் சாக்ஸையும் கழற்றினேன். ஐந்து நிமிஷம் இருக்காது. கும்பிட்டேன். திரும்பப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

எதுவும் தெரியவில்லை. சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் ஊறிப்போயிருந்தது. கூரான கல் ஏதோ கிழித்திருக்கிறது. கிளேர் அம்மாவிடம் சொல்ல வெட்கம். உன்னிடம் சொல்லப் பயம். நானே கழுவிக் கட்டிக்கொண்டு மூன்று நாள் இருந்தேன். நாலாம் நாள் காய்ச்சல். அதற்குள் கறுத்துவிட்டது.

இவர்கள் என்னைப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்கிறார்கள். கீழ் அறையில் ஜன்னல் பக்கம் கட்டில். எதிரே அந்தக் குன்று. அந்தத் தேவாலயத்துக்கு எத்தனை படி என்று எனக்குத் தெரியாது, ஜெயம்மா. ஏதாவது ஒரு எண்ணைப் பொய்யாக எழுதலாம் என்று பார்த்தேன், அது மட்டும் கை வரவில்லை.

டாக்டர் சொன்ன மாதிரியே ஆயிற்று. நீ சொன்ன மாதிரியே ஆயிற்று. எழுது, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுது.
சபாபதி


தாகேதா
18 அக்டோபர் 2025

சாந்தாவிடம் சொல்லாதே என்று எழுதி, அதைச் சாந்தா போனுக்கே அனுப்பியிருக்கிறீர்கள். அவள்தான் முதலில் படித்தாள். படித்துவிட்டு என் மடியில் படுத்து அழுதாள்.

எனக்கு இப்போது எழுத வரவில்லை. மாத்திரை சாப்பிடுங்கள். காலைத் தொங்கப் போடாதீர்கள்.
ஜெயம்மா


5 நவம்பர் 2025

ஜெயம்மா,

இரண்டு வாரமாக "மாத்திரை?" என்று ஒரே வார்த்தையில் எழுதுகிறாய். நீ திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

டாக்டர் பார்த்தார். புண் மூடிவிட்டது, பதினைந்தாம் தேதிக்கு மேல் பறக்கலாம் என்கிறார். பஞ்சு வைத்த ஷூ கொடுத்திருக்கிறார்கள், கையில் ஒரு தடி. வெறும் தரையில் மட்டும் அந்தக் கால் படவே கூடாது.

அதனால் யோசித்துச் சொல்கிறேன், கோபப்படாதே. கோவிலுக்குள் நான் எப்படி வருவேன்? ஷூவோடு வர விடமாட்டார்கள், விடவும் கூடாது. அதை நானே முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் தடியை ஊன்றிக்கொண்டு, பாதிக் காலோடு, நல்ல காரியத்தில் போய் நிற்கவா? எல்லோரும் மணப்பெண்ணை விட்டுவிட்டு என் காலைத்தான் பார்ப்பார்கள். மோகனைத் தாரை வார்க்கச் சொல். நான் போனில் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் முடிந்து, கூட்டம் கலைந்து, மாத முடிவில் வருகிறேன்.

சாந்தாவிடம் நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.
சபாபதி


தாகேதா
10 நவம்பர் 2025

சாந்தா அப்பாவுக்கு, ஜெயம்மா எழுதுவது.

சாந்தாவிடம் பக்குவமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அவள்தான் இதையும் முதலில் படித்தாள். "அப்பா வரலைன்னா மனையில உட்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். உங்கள் பிடிவாதம்தானே.

மோகனை வைத்துத் தாரை வார்க்கவா? போன வாரம் பத்திரிகை கொடுக்கப் போன இடத்தில் தன் செருப்பு என்று வேறு யாருடையதையோ போட்டுக்கொண்டு வந்த ஆள். அவர் கையால் என் பெண்ணைக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

நாலு நாளாக நான் சும்மா இல்லை. கோவிலுக்குப் போய் ஐயரிடம் பேசினேன். முடியாது என்றார். நான் எழுந்து வரவில்லை, அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். சாயங்காலம் அவரே வந்தார். "கருவறைப் பக்கம் வேணாம்மா. முகூர்த்தத்தை மண்டபத்துல வச்சுக்கலாம். தோல் செருப்பு கூடாது. துணியில புதுசா, தெருவுல படாததா இருந்தா நான் ஒண்ணும் சொல்லல" என்றார். அந்தப் பிரெஞ்சு ஷூவின் அளவை நூல் பிடித்து அனுப்புங்கள். பஞ்சு வைத்துத் துணி ஷூ தைக்கச் சொல்லியிருக்கிறேன். ஓரத்தில் மஞ்சள் தடவி வைப்பேன். வேட்டி இறங்கியிருந்தால் அதுகூடத் தெரியாது.

மாப்பிள்ளை வீட்டுக்கு நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன், குகை, காலடி, விரல், எல்லாம். சம்பந்தியம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சர்க்கரைக்கு என்ன மாத்திரை சாப்புடுறாரு?" அவர்கள் வீட்டில் மூன்று பேருக்கு இருக்கிறதாம். உங்கள் காலைப் பார்க்க யாரும் காத்துக்கொண்டு இல்லை. அவரவர் காலே அவரவருக்குப் பெரிய பாடு.

இப்போது கணக்கு. நானே நேரில் போய் எண்ணியது, சாந்தா எழுதி வைத்திருக்கிறாள்.

விமான நிலையத்துக்கு பஸ் பிடித்துப் போனேன். உள்ளே விடவில்லை. உள்ளே சக்கர நாற்காலி கொடுப்பார்களாம், வாங்கிக்கொள்ளுங்கள், வீறாப்பு வேண்டாம். வெளியே மூன்று படி. இடது பக்கம் சரிவு இருக்கிறது, அதில் வந்தால் படியே இல்லை. மோகன் வண்டி சரிவுக்குப் பக்கத்தில் நிற்கும்.

கோவில் முன்வாசல் ஒன்பது. அது வேண்டாம். மண்டபத்துக்குப் பின்பக்கம் சமையல்கட்டு வழி இரண்டே படி, பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருக்கிறது. மண்டபத்திலிருந்து மணவறைக்கு ஒரு படி. அதில் பலகை போடச் சொல்லிவிட்டேன்.

நம் வீடு முப்பத்தெட்டு. இதை எண்ணவே வேண்டாம், இருபது வருஷமாக மாவுப் பாத்திரத்தோடு ஏறுகிறேன். பத்தொன்பதாவது படியில் திருப்பம். அங்கே ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். கீழ்வீட்டுக்காரி ஏற்கெனவே இரண்டு தடவை நகர்த்திவிட்டாள், அவளோடு ஒரு சண்டையும் ஆயிற்று. உட்கார்ந்து உட்கார்ந்து வாருங்கள். அவசரமில்லை.

ஷ்வேடகோனுக்கு இனிக் கீழே நின்று கும்பிட்டால் போதும். நூற்று நாலும் நான் ஏறி உங்களுக்கும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு வருகிறேன்.

அந்தக் காலடிக்கு முன்னால் நின்றபோது ஷூவைக் கழற்றினீர்களே, அதற்காக உங்களை என்ன செய்தாலும் தகும். ஆனால் அதைக் கழற்றாத மனிதரையா நான் கட்டினேன் என்றும் யோசித்துப் பார்த்தேன். இதற்குமேல் இதைப் பற்றி எழுத மாட்டேன். திட்டு மட்டும் நிறைய பாக்கி இருக்கிறது. தாளில் அடங்காது, நேரில் வைத்துக்கொள்கிறேன்.

பத்தொன்பதாம் தேதி புதன்கிழமை விமானத்துக்கு டிக்கெட்டை மாற்றச் சொல்லிக் கிளேர் அம்மாவிடம் சாந்தா பேசிவிட்டாள். உங்களைக் கேட்கவில்லை.

மேலே வந்ததும் வாசலில் ஷூவைக் கழற்றக் குனியாதீர்கள். அப்படியே உள்ளே வாருங்கள். தரையை நான் துடைத்துக்கொள்கிறேன்.

ஜெயம்மா